உன் பாதியில் இருக்கும் சொல்

பள்ளி நூலகம்,
செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இனிமேல் என்னோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அதனால் இதைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இது ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்துக்குப் பதில் போட்டால் பேசியதாக ஆகாது என்று நினைக்கிறேன்.

நீ பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்பிய அட்டை வந்தது. ஒரு பக்கம் உன் விலாசம், மறுபக்கம் "உயிரோட இருக்கேன்" என்று இரண்டே சொல். லைப்ரரி மிஸ் அதை ஒரு புத்தகத்துக்குள் வைத்துப் புத்தகத்தோடு என்னிடம் நீட்டினார். அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு மட்டும் எழுதாதே. வருகிற தபாலை அப்பாதான் பிரிக்கிறார். அம்மாவின் போன்கூட இப்போது அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் பத்தாம் வகுப்பில் ஆளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதற்கு எத்தனை அர்த்தம் உண்டோ அத்தனைக்கும் வாக்கியம் எழுதிச் சார்ட்டில் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் சின்னச் சின்னச் சொல்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். நான் எழுந்து நின்று "ரன்" என்றேன். "அது கடல்டீ, மூழ்கிடுவே" என்றார் இங்கிலீஷ் மிஸ். நூறு வாக்கியம் எழுதுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்த பிறகுதான் நம் அகராதி பாதிதான் இருக்கிறது என்று ஞாபகம் வந்தது.

மாடிப்படியில் விழுந்து அதன் முதுகு பிளந்தபோது, இரண்டு பாதிக்கும் நீதானே தனித்தனியாகக் காலண்டர் தாளில் அட்டை போட்டாய்! என்னிடம் இருப்பது 'எம்' எழுத்தோடு முடிகிறது. உன் சர்டிபிகேட்டுகள் எல்லாம் இரண்டாவது பாதிக்குள் இருந்ததால் அது உன் துணிப்பையில் போய்விட்டது என்று அம்மா சொன்னாள். 'ஆர்' எழுத்து உன்னிடம் இருக்கிறது. பள்ளி நூலகத்து அகராதி உள்ளங்கை அகலம். அதில் ரன்னுக்கு எட்டு வரிதான்.

ஆகவே, ரன் உள்ள பக்கங்களைப் பார்த்து எழுதி அனுப்பும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரேயடியாக வேண்டாம். கடிதத்துக்குப் பத்து போதும்.

இப்படிக்கு,
உன் தங்கை (நீ இன்னும் அப்படி நினைத்தால்)

பி.கு. நம் கடையில் நீ நின்ற ஜெராக்ஸ் மெஷினை இப்போது அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். தாள் சிக்கினால் அதன் மண்டையில் தட்டுகிறார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை நான் நிற்கிறேன். இரண்டு மணி நேரம்தான். அது ஒன்றும் கஷ்டமில்லை.


ஹோட்டல் லாண்டரி,
செப்டம்பர் 17

கொசு,

விண்ணப்பம் கிடைச்சுது. தாழ்மையெல்லாம் பலமாத்தான் இருக்கு. அந்தத் தாழ்மைல கொஞ்சம் ஏப்ரல் மாசம் காலையில ஏழு மணிக்கு இருந்திருக்கலாம்.

எண்ணிப் பார்த்தேன். மூணே முக்கால் பக்கம், எறும்பு எழுத்து. எழுதிக்கோ. ஒண்ணு, ஓடுறது. இது கொசுவுக்கே தெரியும். ரெண்டு, மெஷின் ஓடுறது. மூணு, கடை நடத்துறது. நாலு, குழாய்ல தண்ணி வர்றது. அஞ்சு, மூக்கு ஒழுகுறது, நீ சின்னதா இருந்தப்ப மூணு வேளையும் செஞ்சது. ஆறு, தேர்தல்ல நிக்கிறது. நிக்கிறதுக்குப் போய் ஓடுறதுன்னு பேர் வெச்சிருக்காங்க. ஏழு, ரோடு ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போறது. ரோடு ஒரு அங்குலம் நகராது, ஆனா ரன் பண்ணும். எட்டு, கிரிக்கெட்ல எடுக்கிறது. ஒம்பது, ஒரே வேலைய ஒரு சுத்து செஞ்சு முடிக்கிறது.

இந்த ஒம்பதாவதுதான் இங்க நாங்க. காலையில ஆறு மணிக்கு சூப்பர்வைசரம்மா கையத் தட்டி "ஃபர்ஸ்ட் ரன்"னு கத்தும். ஒரு ரன்னுக்கு நாப்பது பெட்ஷீட். அத வாஷர்ல இருந்து இழுத்து, ட்ரையர்ல தள்ளி, ரெண்டு பேரா மூலையப் பிடிச்சு உதறி, சூடு ரோலர்ல விடணும். ஒரு நாளைக்கு பதினோரு ரன். என்கூட எதிர் மூலைய பிடிக்கிறவ பேரு யாருக்கும் தெரியாது, எல்லாரும் மூலைன்னுதான் கூப்பிடுவோம். அவளுக்கு அதுல பெருமை வேற.

எதுக்காக ஓடி வந்தேனோ அந்தச் சாயங்கால காலேஜ் பத்திக் கேக்காத. விரல் நகமெல்லாம் ஈரத்துல வெந்து கிடக்கு, பேனா பிடிச்சா வழுக்குது. அதனாலதான் பத்தாவது இல்ல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், பதில் வேணாம். அன்னைக்கு அப்பா கேட்டப்ப "தெரியாது"ன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு?

அக்கா


பள்ளி நூலகம்,
அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

'அக்கா' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். அதைப் பார்த்ததும் மேலே எழுதியதை நான்கு முறை படித்தேன்.

சார்ட்டில் முப்பத்தோரு வாக்கியம் ஆகிவிட்டது! நீ கொடுத்த ஒன்பதிலிருந்து கிளை கிளையாகப் பிரித்தேன். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். இந்தச் சொல் நம் பேச்சுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை. பஸ் கண்டக்டர் "ரன்னிங்ல ஏறாதீங்க" என்கிறார். தையல் மிஸ் "ரன்னிங் தையல் போடு" என்கிறார். பக்கத்து வீட்டு மாமா தன் பையனைப் பற்றி "ஏதோ ஒரு கடை ரன் பண்றான்" என்கிறார், அந்தக் கடை மூடி ஒரு வருஷம் ஆகிறது. அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு எந்த இங்கிலீஷும் தெரியாது" என்றவள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே "ரன்னிங் தண்ணி வந்தா சொல்லு, பிடிச்சு வெக்கணும்" என்றாள். நான் சிரித்ததற்குக் காரணம் அவளுக்குப் புரியவில்லை. நீ போன பிறகு வீட்டில் யாராவது சிரித்தது அன்றுதான்.

மெஷினைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பதிவு அலுவலகத்துக்குப் பத்திரம் பதிய வருகிறவர்கள் எல்லாரும் நம் கடைக்குத்தான் வருகிறார்கள், ஆனால் அவர்கள் யாருடைய முகமும் எனக்குத் தெரிவதில்லை. மெஷின் சுவரைப் பார்த்து இருக்கிறது, நான் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை தாளை நீட்டும், "நாலு காப்பி" என்று ஒரு குரல் வரும். "மூணு வருஷம் சுவரைப் பார்த்தே நின்னேன்" என்று நீ அப்பாவிடம் கத்தியபோது மிகைப்படுத்துகிறாய் என்று நினைத்தேன். சுவரில் நீ கை ஊன்றிய இடத்தில் கறுப்பாக ஒரு தடம் இருக்கிறது. என் கை அதற்குச் சற்றுக் கீழே வருகிறது.

இப்போது மதியம் இரண்டு மணியிலிருந்தே நிற்கிறேன். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி. கடைசி இரண்டு பீரியடும் விளையாட்டும் ஓவியமும்தான், போனால் போகட்டும்.

நீ பதில் வேண்டாம் என்று கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

அடுத்த பத்தை அனுப்பு.

தங்கை


ஹோட்டல் லாண்டரி,
அக்டோபர் 22

கொசு,

இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணு முதல்ல. சாயம் இறங்கி மத்த துணியில ஒட்டுறதும் ரன்தான். அகராதிய பார்க்காமலே எழுதுறேன், கண்ணால பார்த்துட்டேன்.

செவ்வாய்க்கிழமை நாலாவது ரன். யாரோ ரூம்ல விட்டுட்டுப் போன சிவப்பு ஸ்கார்ஃப் ஒண்ணு பெட்ஷீட் மடிப்புல சுருண்டு கிடந்திருக்கு. உதறிப் பார்த்துட்டுதான் உள்ள போடணும், அது என் வேலை. உதறல. கதவத் திறந்தா நாப்பது பெட்ஷீட்டும் ரோஸ் கலர். மூலை சொன்னா, "அழகாத்தான் இருக்கு, இப்படியே விரிச்சா கல்யாண ஜோடிங்களுக்குக் குடுக்கலாம்"னு. நான் சிரிச்சேன். அந்தச் சிரிப்ப சூப்பர்வைசரம்மா பார்த்துட்டா. ரெண்டு வாரத்துக்கு ஒரு நாள் லீவு வரும், டிசம்பர் வரைக்கும் எனக்கு அது கிடையாது.

மத்தத எழுதிக்கோ. காலுறையில ஒரு இழை அறுந்து நீளமா கிழிஞ்சு போறது. செய்தி பேப்பர்ல வர்றது. காய்ச்சல் அடிக்கிறது. நாடகம் நூறு நாள் ஓடுறது. பென்சில் தீந்து போறது, அரிசி தீந்து போறது, பொறுமை தீந்து போறது, எல்லாத்துக்கும் ரன் அவுட். ஒரு குணம் ஒரே குடும்பத்துல எல்லாருக்கும் வர்றது. நம்ம வீட்டுல பிடிவாதம் ரன் ஆகுதுன்னு எழுதிக்கோ, மிஸ் ரைட் போடுவாங்க.

ஒண்ணு படிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். கோழிங்கள விட்டு வெக்கிற கம்பி வலை அடைப்பு இருக்கில்ல, அதுக்கும் பேரு ரன். இந்த ரூம்ல ஒம்பது பேரு. ஒரு ஜன்னல், அதுலயும் கம்பி. ஓடி வந்தேன்னு ஊரெல்லாம் பேசுது. எதுக்குள்ள ஓடி வந்தேன்னு யாரும் கேக்கல. எவன்கூடவோ போயிட்டேன்னு சொல்றாங்களாமே? எவனாவது இருந்தா தேவல, இந்த ஷீட்டோட மறு மூலைய பிடிக்கச் சொல்லுவேன்.

மதியம் ரெண்டு மணின்னு எழுதியிருக்க. எனக்கு அது பிடிக்கல. எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது, தோள்பட்டை வலியில.

போன தடவை கேட்ட கேள்விக்கு பதில் எழுது. இந்தத் தடவை வேணும்.

அக்கா


நவம்பர் 24, திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

தாளை மன்னித்துவிடு. வீணாய்ப்போன காப்பியின் பின்பக்கம் எழுதுகிறேன். பத்தரை மணிக்குக் கரண்ட் போனது, வரும்வரை நேரம் இருக்கிறது. அப்பா டீக்கடைக்குப் போயிருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில். அன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பின்கட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை அக்கா, அதில்தான் நான் ஏமாந்தேன். மெதுவாக, "அக்கா எங்கம்மா? சாப்பிட்டாளா?" என்று கேட்டார். 'அம்மா' என்று என்னைக் கூப்பிட்டார். அவர் உன்னை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று தோன்றியது. "ஏழு மணி பஸ்ஸுக்குப் போயிருக்கா, சாப்பிடலப்பா" என்றேன். சாப்பிடவில்லை என்பதை நானாகத்தான் சேர்த்துச் சொன்னேன். ஏதாவது கட்டிக்கொண்டு போய் உன்னிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் பஸ் ஸ்டாப்பில் எல்லார் எதிரிலும் உன் பெட்டியைப் பிடுங்கிக் கன்னத்தில் அறைந்தார் என்று பக்கத்து வீட்டு மாமா வந்து சொன்னபோது என் வாயில் இன்னும் பேஸ்ட் நுரை இருந்தது. இரண்டு நாள் கழித்து நீ துணிப்பையோடு மறுபடி போனபோது நான் விழித்துத்தான் இருந்தேன். இந்தத் தடவை எதுவும் தெரியக்கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

எனக்குப் பொய் சொல்ல வராது என்று நீயே எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாய். அதைக் காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளிக்கு இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் போகிறேன். அன்று பதிவு அலுவலகத்தில் கூட்டம் குறைவு. வருகைப் பதிவு இன்னும் குறைந்தால் பொதுத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் வராது என்று வகுப்பு மிஸ் கூப்பிட்டுச் சொன்னார். ஜனவரியிலிருந்து ஒழுங்காக வந்தால் சரிக்கட்டிவிடலாம், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவிடம் சொன்னேன். "படிச்சவ ஒருத்தி போதும்" என்றார். அவர் தோள் உண்மையிலேயே வலிக்கிறது அக்கா, ராத்திரி முனகுகிறார்.

உன் கடிதங்கள் லைப்ரரி மிஸ்ஸின் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கும். வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்வேன். மிஸ்ஸுக்கு வயிறு பெரிதாகிவிட்டது, ஆனால் புது வருஷம் வரை வருவேன் என்கிறார்.

சார்ட்டில் எழுபத்து மூன்று. 'எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது' என்ற அர்த்தத்துக்கு மட்டும் நல்ல வாக்கியம் வரவில்லை. கரண்ட் வந்துவிட்டது.

தங்கை


ஹோட்டல் லாண்டரி,
டிசம்பர் 1

கொசு,

உன் கடிதத்த திருப்பிப் பார்த்தேன். பின்னாடி யாரோ ஒரு பெரியவரோட இறப்புச் சான்றிதழ், பாதி கறுப்பா விழுந்திருக்கு. திங்கக்கிழமை பத்தரை மணிக்கு பத்தாம் வகுப்புல கணக்கு பீரியட். அந்த நேரத்துல என் தங்கச்சி செத்தவங்க காகிதத்த காப்பி எடுத்துக்கிட்டு நிக்குறா.

பேஸ்ட் நுரைய படிச்சதும் பாத்ரூம்ல போய் உக்காந்துட்டேன். மூலை கதவத் தட்டி, "உள்ள ரன் முடிஞ்சுதா"ன்னு கேட்டா. ஏழு மாசமா உன்மேல வெச்சிருந்தத எங்க கொண்டு போய்ப் போடுறதுன்னு தெரியல.

இப்ப நான் சொல்றத கவனமா கேளு. நான் வர்றேன். பார்த்துட்டுப் போக இல்ல, இருக்க. மார்ச்சுல உன் பரீட்சை முடியுற வரைக்கும் மெஷின்ல நான் நிக்கிறேன், நீ ஸ்கூலுக்குப் போ. சுவரு எனக்குப் பழக்கம்தான். அப்பா அடிச்சா அடிக்கட்டும். ஆனா தனியா அந்த வாசப்படி ஏற எனக்குத் தைரியம் இல்ல. நீ என்கூட வரணும்.

டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. ஸ்கூலுக்குப் போறேன்னு கிளம்பி பத்து மணிக்கு கடைக்கு எதிர் பஸ் ஸ்டாப்புக்கு வா. ஒம்பது மணி நேரப் பயணம், விடியக்காலம் பஸ் மாறி வருவேன். வேலைய விட்டுட்டேன்னு சொல்லிட்டேன், சூப்பர்வைசரம்மா "போனா போ"ன்னுட்டா. அதனால திரும்பி வர இங்க இடம் இல்ல.

நீ வரலேன்னா, நான் வர்றது உனக்கு வேண்டாம்னு எடுத்துக்குவேன். அப்படி இருந்தாலும் நியாயம்தான். போன வருஷம் வரைக்கும் அந்த வீட்டுல அப்பாவுக்கு நீதான் நல்ல பொண்ணு, இப்பவும் அப்படியே இருக்கணும்னு நினைச்சா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ரன் மிச்சத்த நேர்லயே காட்டுறேன்.

அக்கா


பஸ் மாறும் ஊர்,
டிசம்பர் 13

பத்து மணிக்கு வந்தேன். ஒரு மணி வரைக்கும் நின்னேன். பெட்டிய கால் நடுவுல வெச்சுக்கிட்டு, போன தடவை அவர் பிடுங்கின அதே தூண் பக்கத்துல.

நீ கடையில இருந்த. வெள்ளிக்கிழமை. ஸ்கூல் பாவாடை, மேல வீட்டுச் சட்டை, ரெட்டைச் சடை. கடை முன்னாடி அவ்வளவு கூட்டம், அதுக்கு நடுவுல உன் முதுகு தெரிஞ்சுது. மெஷினோட பச்சை வெளிச்சம் வந்து வந்து போச்சு. ஒரு தடவைகூட தெருப் பக்கம் திரும்பல.

அப்பா வாசல்ல ஸ்டூல் போட்டு காப்பிங்கள அடுக்கி ஸ்டேப்ளர் அடிச்சுக்கிட்டு இருந்தார். தலைய நிமிர்த்துனார். என்னைப் பார்த்தார். நல்லா பார்த்தார் கொசு, மாத்தி சொல்ல முடியாது. ஸ்டேப்ளர ரெண்டு தடவை அழுத்தினார், பின் விழல. அப்புறம் உள்ள திரும்பி உன்கிட்ட ஏதோ சொன்னார். நீயும் ஏதோ சொன்ன. திரும்பல.

கூப்பிடலாம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. அங்க எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு பார்த்தேன். அவ்வளவு பேர் முன்னாடி இன்னொரு தடவை என்னால முடியாது.

கோபம் இல்ல. அவர் பக்கத்துல நிக்கிறதுதான் உனக்கு சுலபம்னா நில்லு.

அகராதியில என் பாதியையும் தனியா ஸ்கூலுக்கே பார்சல் பண்றேன். சர்டிபிகேட்ட எடுத்துட்டேன். ரன் எங்க இருக்குன்னு தேட வேணாம், பஸ் டிக்கெட்ட வெச்சிருக்கேன். நூறு எழுது.

மூலையோட அக்கா இருக்கற ஊருக்குப் போறேன். விலாசம் தெரியாது. தெரிஞ்சாலும் அனுப்பப் போறது இல்ல. லாண்டரிக்கு எழுதாத.


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

லாண்டரிக்கு எழுதாதே என்று சொன்னாய். வேறு எங்கே எழுதுவது என்று தெரியாததால் அங்கேதான் எழுதுகிறேன். உன்னைத் தெரிந்த யாராவது ஒருவர் அங்கே இருக்கக்கூடும்.

உன் இரண்டு கடிதங்களும் பார்சலும் இன்று காலைதான் என் கைக்கு வந்தன. பெயர் நீக்கும் தாளில் கையெழுத்துப் போட அப்பாவோடு பள்ளிக்குப் போனேன். அலுவலகத்தில் அப்பா உட்கார்ந்திருந்தபோது லைப்ரரி மிஸ் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு டிசம்பர் இரண்டாம் தேதியே, நாள் முந்திக் குழந்தை பிறந்துவிட்டது; இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். கடிதங்களைப் பியூன் டிராயரின் இடுக்கு வழியாகப் போட்டிருக்கிறார். டிராயர் பூட்டியிருந்தது, சாவி மிஸ்ஸின் வீட்டில். பார்சல் மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. "நீ வந்து கேட்டிருப்பேன்னு நினைச்சேன்டா" என்று அழுதார். நான் வந்தால்தானே கேட்பதற்கு! அங்கேயே நின்று இரண்டு கடிதங்களையும் படித்தேன்.

ஜனவரியிலிருந்து பதிவுக் கட்டணம் ஏறப்போகிறது என்று டிசம்பர் முழுக்கக் கூட்டம். ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை, "இந்த ஒரு வாரம் மட்டும் நில்லு" என்றார் அப்பா. பன்னிரண்டாம் தேதியும் அதையே சொன்னார். பாவாடையைப் போட்டுவிட்டேன், மேல்சட்டை போடுவதற்குள் சொல்லிவிட்டார். அதனால்தான் அப்படி நின்றேன். நீ எழுதவில்லை, பேஸ்ட் நுரையைப் படித்ததும் உனக்கு வெறுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் உனக்கு ஒரு கடிதம் போட்டேன். அது யார் கையில் இருக்கிறதோ.

அன்று அப்பா உள்ளே திரும்பி என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஸ்டேப்ளர் பின் எங்க?" என்று கேட்டார். "டிராயர்ல இருக்குப்பா" என்றேன். அவ்வளவுதான் அக்கா. அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு.

வரும் வழியில் அவரிடம் கேட்டேன். "டிசம்பர்ல ஒரு நாள் அக்கா எதிர்ல வந்து நின்னாளாப்பா?" நடையை வேகமாக்கினார். பிறகு "கூட்டமா இருந்துச்சு" என்றார். அம்மாவிடம் தேதியைச் சொல்லிக் கேட்டேன். "அந்த வெள்ளிக்கிழமையா? பல்வலின்னு சொல்லி அவர் ரெண்டு வேளையும் சாப்பிடல" என்றாள். எதற்கு என்று கேட்டாள். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரம் எதுவும் தேய்க்கவில்லை.

நாளை பொதுத் தேர்வு தொடங்குகிறது. போன வாரம் என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் ஹால் டிக்கெட் காப்பி எடுக்கக் கடைக்கு வந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். வரிசை எண் படி நிற்கவில்லை, ஆனால் எடுத்து முடித்த பிறகு என்னால் அடுக்கிப் பார்க்க முடிந்தது. என் எண் வர வேண்டிய இடத்தில் எண் விடுபடவில்லை. அடுத்தவளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். "எல்லாம் படிச்சிட்டியாடீ?" என்று ஒருத்தி பழக்க தோஷத்தில் கேட்டாள், கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் "ரெண்டு காப்பியா, மூணா?" என்றேன்.

இரண்டு பாதியையும் மேஜையில் சேர்த்து வைத்தேன். முதுகு பொருந்தவில்லை. இத்தனை நாளில் உன் பாதி ஈரம் குடித்து உப்பிவிட்டது, சோப்பு வாசனை அடிக்கிறது. ரன் இருந்த பக்கத்தில் பஸ் டிக்கெட் இருந்தது. தேதி டிசம்பர் 12. நீ எனக்கு எழுதியவற்றுக்கு எதிரில் எல்லாம் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்திருக்கிறாய். புள்ளி இல்லாதவை இன்னும் இரண்டரைப் பக்கம் இருக்கின்றன. சார்ட் எழுபத்து மூன்றோடு டோனர் பெட்டிக்கு மேலே சுருட்டிக் கிடக்கிறது. கண்காட்சி பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா தூங்கும்போது ஒரு வேலை செய்தேன். மெஷினை நானே தள்ளித் தெருவைப் பார்த்துத் திருப்பினேன். ஒயர் எட்டவில்லை, எக்ஸ்டென்ஷன் போர்டை இழுத்துப் போட்டேன். இப்போது பஸ் ஸ்டாப்பும் அந்தத் தூணும் எனக்கு நேராகத் தெரிகின்றன. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் நிமிர்ந்து பார்க்கிறேன், அதற்குள் தாள் சிக்கிக்கொள்கிறது. அப்பா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா திருப்பினே?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்குப்பா" என்றேன்.

எனக்கு இப்போது பொய் சொல்ல வருகிறது, அக்கா.

தங்கை